கடைசி ஹெட்மனும் ஓர் இடது காலும்

கோயம்புத்தூரில் பம்பு செட்டு செய்து விற்கிறவனுக்குப் புனேயில் என்ன வேலை இருக்கும்? கண்காட்சி இருக்கும், கல்யாணம் இருக்கும். நான் போனது இரண்டுக்கும் இல்லை. என்னோடு கீவ் நகரத்தில் இன்ஜினீயரிங் படித்த சண்முகம் பக்கவாதத்தில் படுத்துவிட்டான். என்னவோ பேசுகிறான், எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, நீங்கள் வந்து கேட்டுச் சொல்லுங்கள் என்று அவன் மனைவி கோமதி போன் செய்தாள். அவன் பேசியது ருஷ்யன்.

மூளையில் அடி விழுந்ததில் அவனுடைய தமிழ் போய்விட்டது. இந்தி, இங்கிலீஷ், மராத்தி எல்லாம் போய்விட்டன. பல மொழி பேசுகிறவர்களுக்குச் சில சமயம் இப்படி ஒன்று மட்டும் தப்பிப் பிழைக்குமாம், டாக்டருக்கு அதில் ஆச்சரியமே இல்லை. எனக்கு இருந்தது. அத்தனையும் போய், பெற்றவள் சொல்லிக்கொடுத்ததும் போய், குளிரில் நடுங்கிக்கொண்டு படித்த பாஷை மட்டும் நிற்குமா?

என் ருஷ்யன் என்றைக்கோ துருப்பிடித்துவிட்டது. ஊருக்குத் திரும்பியபின் அதை வைத்து யாரிடம் என்ன பேசுவது? சண்முகம் அப்படி இல்லை. புனே பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ருஷ்ய இன்ஜினீயர்களுக்கும் நம்மவர்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்வதுதான் அவன் பிழைப்பு. அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று சொல்லவே கூடாது. ருஷ்யன் 'எனக்குப் பசிக்கிறது' என்றால் இவனும் 'எனக்குப் பசிக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு ருஷ்யன் மேனேஜரைத் திட்ட, இவன் அவர் மூஞ்சிக்கு நேராக, "நீ ஒரு தண்டம், உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய" என்று மாற்றிச் சொல்லிவிட்டான். அந்த மனிதர் இவனோடு வெகுநாள் பேசவில்லை. "நடுவுல நிக்கவன் ஒரு ஆளே கெடையாதுல, வெறும் கொழா" என்பான் சண்முகம். சர்வீஸ் முழுக்கக் குழாயாகவே இருந்தான்.

ரயில் சோலாப்பூரிலேயே தாமதம். பிளாட்பாரத்தில் வடா பாவ் வாங்கினேன். உருளைக்கிழங்கு போண்டாவைப் பன்னுக்குள் திணித்து, மூச்சு முட்ட அமுக்கி, மேலே பூண்டுப் பொடி தூவிக் கொடுக்கிறார்கள். போண்டா அதன் பாட்டுக்கு நல்லபடியாகத்தானே இருக்கிறது, அதைப் போய் ஏன் இப்படி? திட்டிக்கொண்டே இரண்டு தின்றேன்.

எனக்கு இந்தி தெரியாது. கோயம்புத்தூரில் அது பெருமை, புனே ஸ்டேஷன் வாசலில் அது தண்டனை. ஆட்டோக்காரரிடம் ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னேன். அவர் ஆனந்தமாகத் தலையாட்டி, அதே பெயரில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினார். நரைத்த தலையோடு பெட்டியும் கையுமாக நான் நிற்பதைப் பார்த்து, வாசலில் நின்ற செக்யூரிட்டி "பையனா பொண்ணா?" என்று கேட்டார். கேட்டது மராத்தியில்தான், அதுகூடப் புரியாதா என்ன?

சரியான ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஆனி மாதம், எங்கள் ஊரில் காற்றுக்காலம். இங்கே வானம் ஓட்டை. கோமதி வராந்தாவில் நின்றாள். திருநெல்வேலிக்காரி, புனேக்கு வந்து பாதி வாழ்க்கை ஆகிவிட்டது, பேச்சு மட்டும் பாளையங்கோட்டையை விட்டு ஓர் அடி நகரவில்லை.

"வாங்கண்ணே. ரயில்ல ஏதாச்சும் சாப்ட்டியளா?"

"அதெல்லாம் ஆச்சுங்மா. எப்புடி இருக்கறான்?"

"உள்ள வாங்க, நீங்களே பாருங்க."

பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். வலப்பக்கம் கை கால் இரண்டும் விழுந்துவிட்டன. மிச்சம் இருந்தது இடது கால். சர்க்கரைப் புண் அதில்தான் வந்திருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் கறுத்திருந்தன, அறை முழுக்க வாடை. காலேஜில் பனியில் வழுக்கி விழுகிற எங்களையெல்லாம் தூக்கிவிட்டுச் சிரிக்கிறவன் அவன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். அதில் என்ன வெட்கம்?

கோமதி முகத்தைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள்.

"டாக்டர் காலை எடுக்கணும்ங்காரு. முட்டிக்கு மேல. எடுக்காட்டா உசுருக்கு ஆபத்தாம். நான் கையெழுத்துப் போட்டாப் போதுமாம். போட எவ்வளவு நேரம்ணே ஆவும்? ஆனா அவிய வாயால சரின்னு ஒரு வார்த்த வராம நான் போட மாட்டேன். முழிச்சுப் பாத்து 'என் கால எங்கட்டி'ன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? எந்தப் பாஷையில சொல்லுவேன்?"

சண்முகத்துக்குத் தமிழ் பேச வராதது மட்டும் இல்லை, கேட்டாலும் விளங்கவில்லை. கோமதி பேசினால், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவளைப் பார்ப்பதுபோல உதட்டையே பார்த்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ருஷ்யனில் "வணக்கம், கிழவா" என்றேன். அவன் தலை சட்டென்று திரும்பியது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். நாக்கு குழறியது, மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. எனக்கு மூன்றில் ஒரு வார்த்தைதான் பிடிபட்டது.

"என்ன சொல்லுதாவ?" என்றாள் கோமதி.

"நான் ஆடு மேய்ச்சேங்கறான். அண்ணன் பாடினானாம். பாட்டைக் கேட்டுட்டு அவனைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்களாம்."

"ஆடா? இவிய அப்பா போஸ்டாபீஸ்லல்லா இருந்தாவ. அண்ணன் ஏதுண்ணே, எல்லாம் அக்காமாரு."

மூளை தடம் புரண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவள் என்ன நினைத்தாளோ, போர்வையை அவன் நெஞ்சுவரை இழுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி எதிரே இருந்த ஹோட்டலில் மிசல் சாப்பிட்டேன். பயறுக் குழம்பில் மிக்சரைக் கொட்டி, அதற்கும் பன்னே தொட்டுக்கொள்ள. காரம் உச்சந்தலைக்கு ஏறியது. பக்கத்து மேஜையில் இரண்டு பேர் சாகண் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஆள் குறைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "மேனேஜருக்குச் சம்பளம், எனக்கு மூட்டுவலி" என்று ஒருவர் சொன்னதை சர்வர் எனக்குப் பாதி இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அதோடு அன்றைய சிரிப்பு தீர்ந்தது.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். நல்ல மனிதர், குரல் உயர்த்தாதவர். அவர் இந்தியில் கோமதியிடம் சொல்ல, கோமதி தமிழில் என்னிடம் சொல்ல, நான் ருஷ்யனில் சண்முகத்திடம் சொல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு ருஷ்யனில் என்னவென்று மறந்தேபோய்விட்டது. வெட்டுவதற்கு மட்டும் வார்த்தை நினைவிருந்தது.

"சண்முகம், உன் கால் கெட்டுப்போச்சு. வெட்டணுமாம். நீ என்ன சொல்கிறாய்?"

கூரையைப் பார்த்தான். பிறகு, முந்தின நாள் குழறல் எதுவும் இல்லாமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரித் தெளிவாகச் சொன்னான். அத்தனை வார்த்தையும் எனக்குப் புரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவன் தொழில் சட்டப்படியே, அவனாகவே நின்று கோமதியிடம் சொன்னேன்.

"எடுத்துக்கொள்ளுங்கள். நானேதான் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பாரம் எனக்குப் பெரியது. என்னை விட்டுவிடுங்கள்."

கோமதி வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதாள். அழுகை முடிந்ததும் டாக்டரிடம் தலையாட்டினாள். மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். நான் வெளியே வந்து ஒரு கட்டிங் டீ குடித்தேன். அரை டம்ளர்தான், இஞ்சி வாசனை தூக்கலாக இருந்தது. வந்த வேலை முடிந்தது, நாளன்றைக்கு ரயில் ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

தங்கியது விஷ்ராந்த்வாடியில் அவர்கள் வீட்டில். ஆளந்தி ரோட்டை ஒட்டிய பழைய குடியிருப்பு, இரண்டாம் மாடி. கோமதி ஆஸ்பத்திரியிலேயே இருந்துகொண்டாள். மகள் வித்யாவுக்கு ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. அன்று சாயங்காலம் கம்பெனி கேப் டிராஃபிக்கில் மாட்டி, வீட்டுக்கு வரும்போது பிள்ளை வதங்கிப்போயிருந்தாள். மறுநாள், ஆபரேஷன் அன்று காலையில் எனக்குப் போஹா கிளறி வைத்தாள், வேர்க்கடலை போட்ட அவல் உப்புமா. நன்றாக இருந்தது. எங்கள் வீட்டில் அவல் என்றால் கிருஷ்ண ஜெயந்தியோடு சரி.

சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"ஏன் அம்மிணி, உங்கப்பன் சின்ன வயசுல ஆடு கீடு மேய்ச்சானா?"

வித்யா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள்.

"அரே அங்கிள், அது ஹெட்மன் ஸ்டோரி! பப்பா எனக்கு டெய்லி சொல்வாரு, சின்ன வயசுல. ஸ்கூல் பஸ் வர்ற வரைக்கும். எப்பவும் 'நான்'னு தான் சொல்வாரு. நான் கோவிச்சுப்பேன், அதெப்படி நீங்க, அவர் தானேன்னு. பப்பா சொல்வாரு, அப்படித்தான் சொல்லணும், அது தான் ரூல்."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலேஜில் எங்களைப் பஸ்ஸில் ஏற்றி ஓர் இடிந்த அரண்மனையைக் காட்டக் கூட்டிப்போனார்கள். கூரை இல்லை, தூணுக்கு நடுவில் செடி முளைத்திருந்தது. நாங்கள் குளிர் தாங்காமல் பஸ்ஸுக்குள் ஓடினோம். சண்முகம் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தான். கோசாக்குகளின் கடைசி ஹெட்மன் கட்டிய அரண்மனை அது. கோசாக் என்றால் குதிரையேறிச் சண்டை போடுகிற குடியானவக் கூட்டம். ஹெட்மன் என்றால் அவர்களுக்குத் தலைவன், கையில் கதாயுதம் பிடித்தவன்.

வித்யா தனக்கு வந்த தமிழில், நடுநடுவே இந்தியில் தாவி, அந்த ஆளின் கதையைச் சொன்னாள். ஆடு மேய்த்த பையன். அண்ணன் கோயிலில் பாட, குரல் நன்றாக இருக்கிறதென்று தலைநகரத்துக்குத் தூக்கிப்போகிறார்கள். மகாராணி அண்ணன் மேல் ஆசைப்படுகிறாள். தம்பிக்கும் யோகம் அடிக்கிறது. வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பி, மீசை சரியாக முளைக்கும் முன்னால் சாம்ராஜ்யத்தின் விஞ்ஞானக் கழகத்துக்கே தலைவனாக்கிவிடுகிறார்கள். (நம் ஊரில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்க வந்தேன். நடக்கும்.) கொஞ்ச காலத்தில் கோசாக்குகளின் ஹெட்மன் பதவியும் அவன் மடியில் விழுகிறது. பிறகு புருஷனைத் தள்ளிவிட்டுச் சிம்மாசனம் ஏறுகிற இன்னொரு ராணிக்கு, கழகத்து அச்சகத்திலேயே ரகசியமாக அறிவிப்பு அடித்துக்கொடுத்துக் கைகொடுக்கிறான். அந்த ராணிதான் இரண்டே வருஷத்தில் அவனைக் கூப்பிட்டு, பதவியை நீயாகவே விட்டுவிடு என்று நெருக்குகிறாள். தலைவன் பதவி தன் பிள்ளைகளுக்கும் வர வேண்டும் என்று கேட்டதுதான் அவன் செய்த தப்பு.

"அப்ப ராணிகிட்ட என்ன சொன்னானாம்?" என்றேன்.

வித்யா கண்ணை மூடிக்கொண்டு, குழந்தையில் கேட்டதைக் கேட்ட மாதிரியே ஒப்பித்தாள். "'எடுத்துக்கோங்க. நானே தான் கேக்கறேன். இந்த பாரம் எனக்கு பெருசு. என்னை விட்டுடுங்க.' அங்கிள்? என்ன ஆச்சு அங்கிள்?"

தட்டைத் தள்ளிவைத்தேன். சண்முகம் அந்தக் காலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வெட்டுவது பற்றிக் கேட்டதும் அவனுக்கு ஞாபகம் வந்தது ராணி முன்னால் நின்ற ஹெட்மன். நான் பெரிய துபாஷி மாதிரி அதை அவன் சம்மதமாக்கி, அவன் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டேன்.

வித்யாவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள், லைன் கிடைக்கவில்லை. கோமதியிடம் செல்போன் கிடையாது. இரண்டு பேரும் ஸ்கூட்டியில் கிளம்பினோம். நாற்சந்தியைத் தாண்ட முடியவில்லை. ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்கள் அன்றைக்குத்தான் புனேக்குள் நுழைகிறார்கள். ரோடு முழுக்க வெள்ளைத் தொப்பி, ஜால்ரா, தலையில் துளசிச் செடி வைத்த பெண்கள். பழனிக்குப் போகிற கூட்டம் எனக்குப் பழக்கம்தான், ஆனால் இவ்வளவு ஜனத்தை நான் ஒரே ரோட்டில் பார்த்ததில்லை. போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். வித்யா மராத்தியில் கெஞ்சினாள், அவர் கூட்டத்தைக் காட்டிக் கையை விரித்தார்.

ஸ்கூட்டியை ஒரு கடை வாசலில் போட்டுவிட்டு நடந்தோம். ஓட முடியாது, கூட்டம் எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகம்தான். மழை கொட்டியது. ஒருவரை ஒருவர் "மாவுலி, மாவுலி" என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். தாய் என்று அர்த்தமாம். என்னையும் ஒருத்தி மாவுலி என்று கூப்பிட்டு வாழைப்பழம் ஒன்றைக் கையில் திணித்தாள். குனிந்தால் கால்கள்தான் தெரிந்தன. வெடித்த குதிகால், துணி சுற்றிய பெருவிரல், அறுந்த செருப்பு. எனக்கு அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சாமியைக் கும்பிட்டேனா திட்டினேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

"அங்கிள், அப்புறம் ஹெட்மன் என்ன ஆனாருன்னு தெரியுமா?" என்றாள் வித்யா, மூச்சிரைக்க. "ராணி நிறைய நிலம் கொடுத்தா, பட்டம் கொடுத்தா. நாப்பது வருஷம் கிட்ட நல்லா சாப்பிட்டு நல்லா தூங்கினாரு. ஆனா பப்பா சொல்வாரு, சரின்னு சொன்ன அன்னிக்கே ஹெட்மன் முடிஞ்சிட்டாருன்னு."

போய்ச் சேர்ந்தபோது சண்முகத்தைப் பச்சை உடுப்பு மாட்டி, தியேட்டர் கதவுக்கு வெளியே ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். கோமதி கையெழுத்துப் போட்டுவிட்டாள். நான் நனைந்த கோழியாக அவள் முன்னால் நின்று, நேற்று நான் சொன்னது அவன் பேச்சே இல்லை, ஒரு கதை, என்று சொன்னேன். வித்யாவும் சொன்னாள். கோமதி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப இன்னொருக்கா கேளுங்க," என்றாள். "இந்தத் தடவ அவியகிட்ட கேளுங்க."

வித்யா டாக்டரிடம் பேசினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஆனாலும் ஒதுங்கி நின்றார். நான் ஸ்ட்ரெச்சர் மேல் குனிந்தேன். மறுபடி 'நீ என்ன சொல்கிறாய்' என்று கேட்டால் மறுபடி ஹெட்மன்தான் வருவான். நடுவில் நிற்கிறவனிடம் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"ஹெட்மன் போகட்டும். இங்கே சண்முகம் என்று ஒருத்தர் படுத்திருக்கிறார். அவருடைய காலை எடுக்க வேண்டும் என்கிறார்கள். எடுக்காவிட்டால் செத்துப்போவார். அவர் என்ன சொல்கிறார்?"

அவன் கண் என்மேல் நின்றது. இடது கை ஊர்ந்து போய் இடது தொடையைத் தொட்டது, அங்கேயே இருந்தது. பிறகு பேசினான். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. அத்தனை வருஷத்தில் அவன் ஒருநாளும் செய்யாததைச் செய்தான்.

"சண்முகம் சொல்கிறார், வேண்டாம். இது ஒன்றுதான் அவருக்கு மிச்சம். தெரியும், செத்துப்போவார். அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்." மூச்சு வாங்கிக்கொண்டான். "சண்முகத்துக்குப் பயமாக இருக்கிறது. அவர் மனைவியிடம் அதைச் சொல்லுங்கள்."

நான் கோமதி பக்கம் திரும்பினேன். 'சொல்கிறான்' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் குழாய்ச் சட்டம் ஞாபகம் வந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எனக்கு வேண்டாம், கோமதி. இது ஒண்ணுதான் எனக்கு மிச்சம். சாவேன்னு தெரியும். வீட்டுக்குப் போகணும். எனக்குப் பயமா இருக்கு."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்ட்ரெச்சர் பக்கம் போய், தொடைமேல் கிடந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அவனுக்குப் புரியாத தமிழில் அவனிடமே பேசினாள்.

"பயப்படாதீய. நான் இருக்கம்லா. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

அதை நான் ருஷ்யனில் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

டாக்டர் வாதாடினார். அவர் வாதாட வேண்டியவர்தான். வித்யா அழுதுகொண்டே அப்பாவுக்காக ஒருமுறை, டாக்டருக்காக ஒருமுறை அம்மாவிடம் பேசினாள். கோமதி தான் போட்ட கையெழுத்தைத் தானே அடித்தாள். ஆம்புலன்ஸ் அந்தக் கூட்டத்துக்குள் ஊர்ந்து விஷ்ராந்த்வாடி வர மத்தியானம் தாண்டிவிட்டது. நான்கு பேர் தூக்கி இரண்டாம் மாடிக்கு ஏற்றினார்கள்.

இன்னும் இரண்டு நாள் இருந்தேன். அவனுக்கு வலி இல்லாதபோது ஹெட்மன் கதையைச் சொல்வான், நான் கோமதிக்கு 'நான்' போட்டே சொல்வேன். பெரிய மனிதனான பிறகு ஹெட்மன் தன் பழைய ஆட்டுக்காரச் சட்டையை அலமாரியில் வைத்திருந்தானாம். பிள்ளைகள் திமிர் காட்டினால், "அந்தச் சட்டையை எடுத்துவா" என்பானாம். கோமதி அதற்குச் சிரித்துவிட்டாள். "பெறவு?" என்று கேட்டாள். அந்தக் கதை அத்தனை காலம் அவள் வீட்டில்தான் இருந்தது. அவள் அடுப்படியில் நின்றதால் காதில் விழவில்லை.

எனக்கும் வேலை இருந்தது, கிளம்பினேன். சண்முகத்திடம் போய்வருகிறேன் என்றேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து, பிறகு விட்டான். ரயிலில் எதிர் சீட்டுக் குடும்பம் சப்பாத்தியும் கத்தரிக்காய் பாஜியும் நீட்டியது, வாங்கிக்கொண்டேன். ராய்ச்சூர் தாண்டியபோது செல்போன் அடித்தது. சிக்னல் விட்டுவிட்டு வந்தது. வித்யாவின் நம்பர், பேசியது கோமதி.

"அண்ணே, காலோட போய்ட்டாவ."